சின்னத்திரை முற்றம்: வாய் திறந்தால் ஊர் தெரியும்



டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் நம்மவர் நாலு பேர் கூடும் இடம் எதுவானாலும், திருமுருகன் கோவில் வாசலோ, பிறந்தநாள் மண்டபமோ, கடைசியில் கதை தொலைக்காட்சியில்தான் வந்து நிற்கும். "அந்தப் பெட்டை நல்லா நடிக்கிறாள், ஆனால் தமிழ் சரிவரேல்லை" என்பார் ஒருவர். "அவர் ஓம் எண்டு சொன்னது ஒண்டுதான் எங்கட தமிழ், மிச்சமெல்லாம் மெட்ராஸ்" என்பார் இன்னொருவர். இதை வெறும் பொழுதுபோக்கு அரட்டை என்று தள்ளிவிட முடியாது. பேச்சு என்பது நமக்கு ஏன் இவ்வளவு சூடான விடயமாக இருக்கிறது என்பதையே இம்முறை பார்க்கப் போகிறோம்.

முதலில் நமக்கு நெருக்கமான ஒரு உதாரணம். ஷியாம் செல்வதுரை 1994இல் எழுதிய ஆங்கில நாவலை வைத்து, தீபா மேத்தா 'ஃபனி போய்' என்ற படத்தை எடுத்தார். 2020 டிசெம்பர் 4ஆம் திகதி சி.பி.சி. தொலைக்காட்சியில் அது காட்டப்பட்டது. முன்னோட்டம் வெளிவந்தபோதே கனடாத் தமிழர் பலர் கொதித்தெழுந்தார்கள். கொழும்புத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை அது. ஆனால் அந்தக் குடும்பத்தவர் வாயில் வந்த தமிழ், தமிழாகவே இல்லை என்பதுதான் முறைப்பாடு. முக்கிய பாத்திரங்களுக்குத் தமிழ் பேசும் நடிகர்களைத் தேடியிருக்கலாமே என்றும் கேட்டார்கள். பிறகு சில வசனங்களுக்கு மீண்டும் குரல் பதிவு செய்யப்பட்டது.

"உச்சரிப்புக்காக இவ்வளவு சத்தமா?" என்று வேற்று இனத்து நண்பர்கள் கேட்கக்கூடும். அந்தப் படம் முடிவது 1983 ஆடிக் கலவரத்தில். அந்தக் கலவர நாட்களில் தெருவில் மறித்தவர்கள் ஒரு வாளியைக் காட்டி, சிங்களத்தில் அதன் பெயரைச் சொல் என்று கேட்டார்கள். 'பால்திய' என்று சொல்ல வேண்டும். முதலெழுத்துச் சத்தம் தமிழர் பலருக்குச் சரியாக வராது. 'வால்திய' என்று வந்துவிடும். 1958 கலவரத்திலும் இதே சோதனை நடந்ததாக நம் மூத்தவர்கள் சொல்வார்கள். ஒரு எழுத்தின் சத்தத்தில் உயிர் தங்கியிருந்த சமூகம் நாம். அந்த நாட்களைப் பற்றிய படத்திலேயே நமது பேச்சைக் கவனிக்காமல் விட்டால் மனம் நோகாதா?

யாழ்ப்பாணத் தமிழை நடிப்பது என்றால், 'பேசு' என்பதை 'கதை' என்று மாற்றி, 'ஆமா'வை 'ஓம்' ஆக்கினால் போதும் என்று பல வசனகர்த்தாக்கள் நினைக்கிறார்கள். அதன் உயிர் சொல்லிலே மட்டும் இல்லை. 'தெரியேல்லை', 'வரேல்லை' என்று வினை முடிகிற விதம் இருக்கிறது. இவன், அவன் என்பதற்கு நடுவே 'உவன்' என்று ஒருவன் நிற்கிறான்; 'உது', 'உங்கை' எல்லாம் பழந்தமிழிலிருந்து நம்மோடு வந்தவை. தமிழ்நாட்டில் 'டி.வி.' என்பதை நாம் 'ரி.வி.' என்கிறோம். இவற்றுக்கு மேலாக, வசனத்தின் கடைசியில் குரல் ஏறி இறங்கும் இழுவை ஒன்று உண்டு. அதை எழுதிக் காட்ட முடியாது, கேட்டுத்தான் பழக வேண்டும். அதைக் கேட்காமல் நடிப்பவரின் வாயில் நமது சொற்கள் இரவல் சட்டை மாதிரித் தொங்கும்.

இன்னொன்று. ஈழத்தமிழர் எல்லாரும் யாழ்ப்பாணத்தார் அல்லர். மட்டக்களப்பார் 'பிறகு' என்பதை 'மறுகா' என்பார்கள். மலையகத்தாரின் பேச்சு வேறு, வன்னியின் பேச்சு வேறு, முஸ்லிம் மக்களின் பேச்சு வேறு. திரையில் இவை எல்லாம் ஒரே பானைக்குள் போய்விடுகின்றன.

இந்த வேறுபாடுகளை அழகாகக் காட்டியது நமது இலங்கை வானொலி. 1970களில் ஒலிபரப்பான 'கோமாளிகளின் கும்மாளம்' தொடரில் ஒருவர் முஸ்லிம் தமிழ், ஒருவர் யாழ்ப்பாணத் தமிழ், ஒருவர் சிங்களம் கலந்த தமிழ், ஒருவர் ஐயர் தமிழ் என்று பேசினார்கள். அது 1976இல் 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது. மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்று பாத்திரத்தின் பெயரே நடிகரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. மரிக்காராக நடித்த ராமதாஸ் முஸ்லிம் அல்லர். ஐயராகப் பேசிய அப்துல் ஹமீத் ஐயர் அல்லர். கேட்டவர் எவரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை, ஏனென்றால் அவர்கள் அந்தந்த மக்களின் பேச்சைக் காதால் நன்றாக உள்வாங்கியிருந்தார்கள். பிற்காலத்தில் கனடாவுக்கு வந்து 2014இல் மறைந்த கே.எஸ்.பாலச்சந்திரனின் 'அண்ணை றைற்' தனிநடிப்பையும் சொல்ல வேண்டும். ஒரே ஆளின் வாயிலிருந்து ஒரு பஸ் நிறைய யாழ்ப்பாணத்துச் சனம் இறங்கி வரும்.

ஆகவே பிறப்பைப் பார்த்துத்தான் பாத்திரம் கொடுக்க வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. அப்படி வாதிட்டால் நமது பிள்ளைகளுக்கே அது இடைஞ்சலாகும். மிசிசாகாவில் ஈழத்தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மைத்ரேயி ராமகிருஷ்ணன், நெற்பிளிக்ஸில் 2020 முதல் 2023 வரை வந்த 'நெவர் ஹாவ் ஐ எவர்' தொடரில், கலிபோர்னியாவில் வளரும் இந்தியத் தமிழ்ப் பெண் தேவியாக நடித்தார். விண்ணப்பித்த சுமார் 15,000 பேரில் அவரைத் தெரிந்தெடுத்தார்கள். "ஈழத்துப் பெட்டைக்கு இந்தியப் பாத்திரம் எதற்கு?" என்று நாம் எவரும் கேட்கவில்லை, பெருமைப்பட்டோம்.

மறுபக்கமாக 'தீபன்' படத்தைப் பாருங்கள். 2015இல் கான் விழாவில் தங்கப் பனை விருது பெற்ற அந்தப் படத்தை இயக்கிய ஜாக் ஓடியாருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கதாநாயகனாக நடித்தவர் அல்லைப்பிட்டியில் பிறந்த எழுத்தாளர் ஷோபாசக்தி. அவருடன் நடித்த காளீஸ்வரி சீனிவாசன் சென்னை நாடக மேடையிலிருந்து வந்தவர். தெரியாத மொழியைத் தெரிந்தவர்களிடம் நம்பி ஒப்படைத்ததுதான் அந்த இயக்குநர் செய்த நல்ல காரியம்.

2000இல் கமல்ஹாசன் 'தெனாலி'யில் யாழ்ப்பாணத் தமிழ் பேசியபோது நம்மவர் இரண்டாகப் பிரிந்தார்கள். இவ்வளவு பெரிய நடிகர் நமது பேச்சைப் பழகியிருக்கிறாரே என்று மகிழ்ந்தவர்கள் ஒரு பக்கம். யுத்தத்தில் பயந்துபோன ஒருவனின் பயத்தைக் காட்டிச் சிரிக்க வைப்பதா என்று முகம் சுளித்தவர்கள் மறுபக்கம். உச்சரிப்பு சரியாக இருந்தாலும் கேள்வி முடிவதில்லை என்பதை இது காட்டுகிறது. அந்தப் பேச்சு எதற்குப் பயன்படுகிறது என்பதும் முக்கியம்.

2025 மே முதலாம் திகதி வெளிவந்த 'டூரிஸ்ட் ஃபமிலி' இதையே கதையாக்கியது. பொருளாதார நெருக்கடியால் இலங்கையை விட்டுக் கடல் கடந்து, சென்னையில் ஒளிந்து வாழும் குடும்பம். சசிகுமாரும் சிம்ரனும் நடித்தார்கள். வாய் திறந்தால் ஊர் தெரிந்துவிடும் என்பதே அவர்களின் பயம். அவர்களின் உச்சரிப்பில் குறை சொன்னவர்களும் உண்டு. ஆனால் அந்தப் பயம் எவ்வளவு உண்மையானது என்பது நமக்குத் தெரியும்.

இனி நமது வீடுகளுக்கு வருவோம். 1977இல் வந்த 101ஆம் சட்டப்படி இங்கே நமது பிள்ளைகள் பிரெஞ்சுப் பாடசாலைக்குப் போகிறார்கள். விளையாட்டிடத்தில் ஆங்கிலம், வீட்டில் தமிழ், மாலையில் தொலைக்காட்சித் தொடரின் சென்னைத் தமிழ். புதிதாக வந்த பிள்ளை வகுப்பில் வாய் திறக்கத் தயங்குவதைப் பல பெற்றோர் சொல்லக் கேட்கிறோம். 'தி சிம்ப்சன்ஸ்' தொடரின் அப்பு என்ற கடைக்காரரின் குரலைப் போலிசெய்து நமது பிள்ளைகளைச் சீண்டிய காலமும் இருந்தது. அந்தக் குரலைக் கொடுத்த ஹாங்க் அசாரியா, பலத்த எதிர்ப்புக்குப் பின் 2020இல் அதிலிருந்து விலகினார்.

இங்கேதான் கியூபெக் மக்களின் அனுபவம் நமக்கு உதவும். அவர்களது பிரெஞ்சையும் பாரிஸ்காரர் கேலி செய்தார்கள். 1968இல் மிஷேல் ட்ரம்ப்ளே 'லே பெல்-சேர்' நாடகத்தை மொன்றியல் தொழிலாளர் வீட்டுப் பேச்சிலேயே மேடையேற்றியபோது, இது மொழியா என்று உள்ளூரிலேயே பலர் கோபப்பட்டார்கள். 1973இல் அதே நாடகம் பாரிசில் மேடையேறிப் பாராட்டுப் பெற்றது. 1995இல் 'லா ப்டீட் வீ' என்ற நகைச்சுவைத் தொடரின் ஓர் அத்தியாயத்தை 40 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பார்த்தார்கள். அதில் வந்தது இந்த மண்ணின் பேச்சுத்தான். சிம்ப்சன்ஸுக்குக்கூடப் பிரான்சின் குரல் வேண்டாம் என்று இவர்களுக்குத் தனிக் குரல்பதிவு நடந்தது. இந்த அயலவர்களுக்கு நமது வலியை நீட்டி விளக்கத் தேவையில்லை.

பெற்றோருக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். தொடர் பார்க்கும்போது பிள்ளையையும் பக்கத்தில் இருத்துங்கள். "இவர் சொன்னதை எங்கட அம்மம்மா எப்பிடிச் சொல்லுவா?" என்று கேளுங்கள். அம்மம்மா ஊரில் இருந்தால் தொலைபேசியில் கேட்கச் சொல்லுங்கள். பிள்ளையின் தமிழில் பிரெஞ்சு வாடை வீசினால் சிரிக்காதீர்கள். ஒருமுறை சிரித்தால் அடுத்தமுறை அது வாய் திறக்காது. அதேபோல மலையகத்தாரின் பேச்சையோ மட்டக்களப்பாரின் பேச்சையோ வீட்டில் நையாண்டி செய்ய இடம் கொடுக்காதீர்கள். நமது பேச்சுக்கு மரியாதை கேட்கும் நாம் மற்றவர் பேச்சுக்கும் அதைக் கொடுக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் எந்தத் தொடரைப் பற்றி வாக்குவாதம் நடக்கிறது? எந்த நடிகர் வாயில் நமது தமிழ் நன்றாக வந்தது? எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் சேர்த்துக்கொள்வோம்.

மீண்டும் சந்திப்போம்.