குடியை மட்டும் குறை சொல்லலாமா?

தூய்மைப் பணியாளர் என்றாலே, "சம்பளத்தையெல்லாம் குடித்து அழிப்பவர்" என்ற பழி முந்திக்கொண்டு வருகிறது. அந்தக் குடி எங்கிருந்து வருகிறது என்று நாம் கேட்பதில்லை.

சாக்கடை அடைப்பை எடுப்பவருக்குத் தோல் அரிப்பு, மூச்சிரைப்பு, இடுப்பு வலி எல்லாம் வருகின்றன. வலியால் தூக்கம் கெடுகிறது. ஒப்பந்த வேலையில் படுத்துவிட்டால் அன்றைய கூலி போச்சு, கடன் ஏறுகிறது. வேலை செய்யும் தெருவில் தண்ணீர் கேட்டால் தள்ளி நின்று ஊற்றுகிறார்கள். நாளடைவில் அவர் வீட்டில் பேசுவதில்லை, விசேஷங்களுக்குப் போவதில்லை, பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறார். நாற்றத்தை மறக்கத் தொட்ட குடி நிலைத்துவிடுகிறது. தொழிலும் சாதியும் தந்த இந்தக் காயத்துக்குக் குணக்கேடு என்று பெயர் வைக்கிறோம்.

மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. கழிவுநீர்க் குழியில் இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் வழங்க 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உயிரோடு இருந்து மனம் ஒடிந்தவரை யார் கணக்கெடுப்பது?

அரசு மனநலச் சிகிச்சை பெறுவது 2017 சட்டப்படி உரிமை. 14416 எண்ணில் இலவச ஆலோசனையும் உண்டு. பணியாளர் மருத்துவ முகாம்களில் சர்க்கரை, ரத்த அழுத்தத்தோடு தூக்கத்தையும் மனநிலையையும் விசாரிக்க வேண்டும். கூடவே இயந்திரம், நிரந்தர வேலை, சம்பளத்தோடு விடுப்பு ஆகியவற்றையும் கேட்போம். இவை இல்லாமல் மாத்திரை மட்டும் அவரை மீட்காது.