இரண்டு எழுத்துக்குத் திறக்கும் அலமாரி நமக்கு வேண்டாம்

செவிலியர் தோழர்களே!

2017 டிசம்பர் 26. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், வாண்டர்பில்ட் மருத்துவமனை. ஸ்கேன் அறைக்குப் பயந்த 75 வயது அம்மாவுக்குப் பதற்றம் தணிய வெர்செட் எழுதியிருந்தார்கள். செவிலியர் ரடோண்டா வாட் தானியங்கி மருந்து அலமாரியில் அந்தப் பெயரின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளை அடித்தார். அலமாரியோ பொதுப்பெயரில் தேடியது. வெர்செட்டின் பொதுப்பெயர் மிடசோலம். மருந்து வரவில்லை. அலமாரியின் தடையை மீறி எடுக்க ஓவர்ரைடு போட்டார். அதே இரண்டு எழுத்தில் தொடங்கும் வெக்குரோனியம் வந்தது. தசைகளையெல்லாம் முடக்கும் மருந்து அது. வென்டிலேட்டர் இல்லாதவருக்குக் கொடுத்தால், நினைவு இருக்கும்போதே மூச்சு நிற்கும். மறுநாள் அந்த அம்மா இறந்துபோனார்.

வெக்குரோனியம் வயலின் மூடியிலேயே எச்சரிக்கை இருந்தது. வெர்செட் திரவம், இதுவோ கரைக்க வேண்டிய தூள். கவனித்திருக்க வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஸ்கேன் பகுதியில் பார்கோடு கருவி ஏன் இல்லை? உயிர்குடிக்கும் மருந்தை இரண்டு எழுத்துக்கு எடுத்துக் கொடுக்கும்படி அலமாரியை அமைத்தது யார்? தவறைத் தானே ஒப்புக்கொண்ட வாட்டை 2022இல் நீதிமன்றம் குற்றவாளி என்றது. மருத்துவமனை மீது குற்றவழக்கே பாயவில்லை. கொதித்துப்போன செவிலியர்கள், தண்டனை அறிவிக்கும் நாளில் நீதிமன்ற வாசலில் திரண்டார்கள். சிறை இல்லை, 3 ஆண்டு கண்காணிப்பு என்று தீர்ப்பு வந்தது.

குறைந்தது 5 எழுத்து அடித்தால்தான் மருந்துப்பெயர் திரையில் வர வேண்டும் என்று மருந்துப் பாதுகாப்பு வல்லுநர்கள் அங்கே வலியுறுத்தினார்கள். ஒருவர் செத்த பிறகு!

வளைகுடாவிலும் பிரிட்டனிலும் நம்மவர்கள் பலர் இந்த அலமாரிகளோடுதான் டூட்டி பார்க்கிறார்கள். இங்கும் அவை வரும்போது, வாங்கும் முன்பே நம்மைக் கேட்கும்படி நிர்வாகத்திடம் சொல்லுங்கள். 5 எழுத்துத் தேடல் இருக்கிறதா? தசைமுடக்கி மருந்துக்கு ஓவர்ரைடு போட்டால் இரண்டாவது செவிலியர் சரிபார்க்க வேண்டுமா? மருந்து கொடுக்கும் இடத்திலெல்லாம் பார்கோடு கருவி உண்டா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் விடாதீர்கள்.

அலமாரி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் வார்டில் வெக்குரோனியம் மற்ற வயல்களோடு ஒரே தட்டில் இருக்கிறதா? இன்றே தனிப்பெட்டியில் வைத்து, சிவப்புச் சீட்டு ஒட்டுங்கள். மருந்தின் பக்கவிளைவு என்று சந்தேகம் வந்தாலே 1800-180-3024க்குச் சொல்லுங்கள். மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் இலவச எண் அது. நூலிழையில் தப்பிய தவறுகளையும் வார்டு நோட்டில் எழுதுங்கள்.

எழுதியவரைத் தண்டிக்கக் கூடாது என்று நிர்வாகத்திடம் மனு கொடுப்போம். தனியாளாகப் போனால் மெமோ வரும். மூன்று ஷிஃப்டும் கையெழுத்துப் போட்டு, மொத்தமாகப் போவோம், வாருங்கள்!