அணைக்கட்டு வீதியும் துவிச்சக்கரவண்டியும்

ஆற்றங்கரையிற் பிறந்தோர் யாவரும் ஆற்றை அறிந்தவர் ஆகார். இவ்வுண்மையை நான் நூலிற் கற்கவில்லை; என் வகுப்பறையிலேயே கற்றேன். மூதூர்ப் பகுதியில் ஒன்பதாந் தர மாணவர்க்கு “எங்கள் ஆறு” என்னுந் தலைப்பில் ஒரு கட்டுரை வரையுமாறு ஒருமுறை பணித்தேன். வந்த தாள்களுட் பெரும்பாலானவை ஆற்றைப் பற்றிப் பேசவில்லை. பாலத்தைப் பற்றியே பேசின. பேருந்தின் யன்னலூடாக நீர் ஒரு கணம் தோன்றி மறைவதைப் பிள்ளைகள் அழகாகவே எழுதியிருந்தனர். குற்றம் அவர்களுடையதன்று. அவர்கள் கண்ட ஆறு அவ்வளவே.

பாலங்களை நான் பழிக்கவில்லை. 2009ஆம் ஆண்டிலே 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்படுமுன், மூதூரார் திருகோணமலைக்குத் தரைவழியாகப் போவதென்றால் துறைதோறும் ‘பாதை’ எனப்படும் மிதவைக்குக் காத்துக்கிடந்தனர். அன்றேல் கொட்டியாரக் குடாவை இயந்திரப் படகிற் கடந்தனர். அக்காத்திருப்பின் துன்பத்தை இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர் பலர் மறந்திரார். ஆயினும் மிதவைக்குக் காத்திருந்தவன் ஆற்றைப் பார்த்தான். பாலத்திலே பறப்பவன் மறுகரையை மட்டுமே பார்க்கின்றான்.

மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் ஓடிக் கொட்டியாரக் குடாவிலே கடலுட் புகுகின்றது. அதன் கிளையாகிய வெருகலாறு பிரிந்து, சித்திர வேலாயுதர் கோயில்கொண்ட வெருகற்பதியை அணைந்து, கிழக்குக் கடலைச் சேர்கின்றது. மாவிலாற்று அணையினின்றும் பிரியும் வாய்க்கால்கள் வெருகலாற்று நீரை வயல்வெளிகளுக்குக் கொண்டு செல்கின்றன. இந்நீர்வழிகளை ஒட்டிய கட்டுகளின் மேலே கிரவல் பரப்பிய ஒடுங்கிய வீதிகள் செல்கின்றன. துவிச்சக்கரவண்டியிற் செல்வோனுக்கு இவற்றினும் இனிய வீதி வேறில்லை. இவற்றைத் தாரிட்டுப் பெருவீதியாக்காமலும், பாரவண்டிகளுக்கு விட்டுக்கொடாமலும் காத்தல் நம் கடன். இதுவே யான் ஈண்டு கூற விழைவது.

ஆற்றங்கரை வழியே சென்று நாட்டைக் காணுதல் தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையிலே கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் காவிரிக் கரையோரமாகவே நடந்து செல்கின்றனர். நம்மூரோடு தொடர்புடைய சான்றும் ஒன்றுண்டு. புயலினாற் பாய்மரம் இழந்த கப்பலோடு 1659இல் கொட்டியாரக் குடாவை அடைந்த உறொபேட் நொக்ஸ், 1660இல் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டார். ஏறத்தாழ 19 ஆண்டுகளின் பின் அவர் தப்பியதும் ஓர் ஆற்றைத் துணைக்கொண்டே. மல்வத்து ஓயா எனப்படும் அருவியாற்றின் கரைவழியே காடு கடந்து, 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். அவருக்கு விடுதலைக்கு வழி காட்டியது ஆற்றங்கரையே.

என் தலைமுறையினர்க்கோ அவ்வழி அடைபட்டிருந்தது. நாம் போர்க்காலத்துப் பிள்ளைகள். எம் இளமையில் அணைக்கட்டுகள் காவலரண்களுக்கும் கண்ணிவெடி அச்சத்துக்கும் உரியனவாயின. 2006இல் மாவிலாற்றுத் துருசு மூடப்பட்டதையொட்டி மூண்ட போரிலே தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் தத்தம் ஊர்களை விட்டு ஓடினர். என் தந்தையார் சிறுவனாய் மீன்பிடித்துத் திரிந்த கட்டிலே நான் முதன்முதல் வண்டி மிதித்தபோது எனக்கு வயது முப்பதைக் கடந்திருந்தது. ஆகவே, இவ்வீதிகளின் அருமையை நான் இரவற் கருத்தாகக் கூறவில்லை. நீண்ட காலம் மறுக்கப்பட்ட பொருளைக் கையிற் பெற்றவனாகக் கூறுகின்றேன்.

மேற்கூறிய கட்டுரைகளைத் திருத்தியபின், மாணவர் சிலரை ஒரு சனிக்கிழமை விடியற்காலையிற் கங்குவேலிப் பக்கம் அழைத்துச் சென்றேன். திருக்கரைசைப் புராணம் போற்றும் அகத்தியர் தாபனம் அங்கேதான் உள்ளது. கட்டின் ஒருபுறம் நீர். மறுபுறம் கதிர் முற்றிய வயல். கரையிலே மருத மரங்கள் வேரை நீருள் நீட்டி நின்றன. கிரவல் டயரின் கீழ் நொறுநொறுத்த ஓசையன்றி வேறோசை இல்லை. முன்னே செல்பவன் பின்னே வருபவனோடு சாதாரண குரலிற் பேச முடிந்தது. மருதத்திணையைக் கரும்பலகையிற் பலநாள் விளக்கியும் பதியாதது அன்று ஒரு மணி நேரத்திற் பதிந்தது. திரும்புங்கால் ஒரு மாணவன் வயலுக்கு அப்பாலிருந்த கூரைகளைச் சுட்டி, “சேர், அது எந்த ஊர்?” என்றான். அது அவனுடைய ஊர். பெருவீதிப் பக்கத்தால் மட்டுமே அதனை அறிந்திருந்தான்.

இவ்வழிச் செல்ல விழையும் இளைஞர்க்குச் சில சொற்கள். மேல்நாட்டார் கிரவல் வீதிக்கென்றே அகன்ற டயர் பூட்டிய வண்டிகளைச் செய்கின்றனர். நமக்கோ வீட்டிலுள்ள லுமாலாவே போதும். டயரிற் காற்றைச் சிறிது தளர்த்துக. இறுகிய டயர் கல்லிலே துள்ளும், தளர்ந்தது பற்றிக்கொள்ளும். மழை பெய்த மறுநாள் செல்லற்க. மண் சில்லிலே அப்புவதோடு வீதியும் கெடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயில் ஏறுமுன் திரும்புக. மாலை மயங்கியபின் யானைக்கு வழிவிட்டு வீட்டிலிருத்தலே அறிவு. முதலை வாழும் நீராதலின் குளிக்கவும் இறங்கற்க.

நிற்க. “ஊரார் தார் வீதி கேட்கின்றனர், நீரோ கிரவல் வேண்டும் என்கின்றீர், இது வசதி படைத்தோரின் விளையாட்டன்றோ?” என ஒருவர் வினவலாம். தக்க வினாவே. நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லும் வீதியும், பாடசாலைக்கும் சந்தைக்கும் போகும் வீதியும் தாரிடப்படல் வேண்டும். அதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் அணைக்கட்டு வீதி அத்தகையதன்று. அதைத் தாரிட்டால் ஊரார்க்கு முன்னே அங்கு வருவது குறுக்குவழி தேடும் பாரவண்டியே. ஆற்றுமணல் ஏற்றிய டிப்பர் ஒன்று ஒடுங்கிய கட்டிலே எதிர்ப்பட்டால், வண்டியோடு சரிவில் இறங்குவதன்றி வேறு வழியில்லை. நானே அவ்வாறு இறங்கி முழங்கால் கிழிந்தவன்.

அணை என்பது வீதி மாத்திரமன்று, அது காவல். 2025 நவம்பர் இறுதியிலே ‘தித்வா’ புயலின் பெருவெள்ளத்தில் மாவிலாற்று அணைக்கட்டு உடைந்தது. தாழ்ந்த ஊர்களிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டனர். அவ்வுடைப்பு வெள்ளத்தால் நேர்ந்தது. அதற்குப் பாரவண்டிகளைக் குற்றஞ்சாட்ட நான் வரவில்லை. ஆனால் நீரைத் தடுத்து நிற்குங் கட்டினைச் சில்லுகளால் உழுவது அறிவுடைமையாகாது என்பதற்கு வேறு பாடமும் வேண்டுமோ? துவிச்சக்கரவண்டியின் சில்லு கட்டைக் கரைப்பதில்லை. நாடோறும் அவ்வழிச் செல்வோன் புதிய வெடிப்பையும் எலிவளையையும் முதலிற் கண்டு சொல்பவனும் ஆவான்.

2022இல் எரிபொருளின்றி நாடே தவித்தபோது, மூலையிற் கிடந்த துவிச்சக்கரவண்டிகள் வெளியே வந்தன. ஆசிரியரும் அலுவலரும் அவற்றிலே கடமைக்குச் சென்றனர். எரிபொருள் வந்ததும் வண்டிகள் மீண்டும் மூலைக்குச் சென்றன. பெருவீதியில் வேகவண்டிகளுக்கிடையே பிள்ளையை அனுப்பப் பெற்றோர் அஞ்சுதல் அதற்கு ஒரு காரணம். பெண்பிள்ளைகள் பொருட்டு அவ்வச்சம் இருமடங்காகும். 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுப் புதுக்கோட்டை மாவட்டத்திலே அறிவொளி இயக்கம் கிராமப் பெண்களுக்கு எழுத்தோடு துவிச்சக்கரவண்டியையும் கற்பித்தது. அச்சமின்றிச் செல்லும் வழியும் கல்வியின் ஒரு பகுதியென்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். ஐரோப்பாவிலே தன்யூப் நதிக்கரையில் முற்காலத்துக் குதிரைகள் படகிழுத்துச் சென்ற பாதைகள் இன்று பஸ்ஸாவு நகரிலிருந்து வியன்னா வரை துவிச்சக்கரவண்டி வழியாகியுள்ளன. அவர்கள் புதிதாக வீதி அமைத்ததினும், இருந்ததைக் காத்ததே பெரிது. நமக்கும் வீதி இருக்கின்றது, காப்பதே எஞ்சியுள்ளது.

அதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. கட்டின் இரு வாயிலிலும் இரு தூண்களும் ஒரு சங்கிலியும் போதும். திறவுகோல் அவ்வவ்வூர்க் கமக்காரர் அமைப்பிடம் இருக்கட்டும்; விதைப்பிலும் அறுவடையிலும் உழவு இயந்திரங்கள் தடையின்றிச் செல்லட்டும். ஆண்டுதோறும் பெரும்போக அறுவடையின் பின் பள்ளங்களைக் கிரவலிட்டு நிரப்ப நீர்ப்பாசனத் திணைக்களமும் பிரதேச சபையும் முன்வரவேண்டும். பழைய மாணவர் சங்கத்தாரிடம் யான் கேட்பது ஒன்றே: விழாக் காலங்களிற் பரிசுக் கேடயங்கள் பல வழங்குகின்றீர்கள், அவற்றோடு கல்லூரிக்குப் பத்துத் துவிச்சக்கரவண்டிகளும் வழங்குங்கள். வண்டியில்லாப் பிள்ளையும் ஆற்றங்கரையைக் காணட்டும்.

அந்தச் சனிக்கிழமையின் பின், அதே தலைப்பில் மீண்டும் எழுதுமாறு அம்மாணவரைப் பணித்தேன். இம்முறை தாள்களிலே மருத மரம் இருந்தது, நாரை இருந்தது, வயலுக்கு நீர்விட வந்த முதியவர் ஒருவரின் பேச்சும் இருந்தது. பாலம் ஒரு தாளில் மட்டுமே வந்தது. அதுவும் கீழிருந்து, ஆற்றோரத்தில் நின்று அண்ணாந்து பார்த்ததாக.