நகரத்து ஏழைக்கு எந்தச் சட்டம்?

2020 மார்ச் 24 இரவு, நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. நாகர்கோவில் வடசேரியில் அன்றாடக் கூலியை நம்பி வாழ்ந்தவர்களின் பிழைப்பு மறுநாளே நின்றுபோனது. பேருந்துகள் ஓடாததால் பேருந்து நிலையத்தை அண்டி வாழ்ந்த ஆட்டோ ஓட்டுநர், சுமை தூக்குவோர், டீக்கடைப் பணியாளர் அனைவரும் வீட்டில் முடங்கினர். திருமணங்களும் நடன அரங்கேற்றங்களும் நின்றதால், நெசவாளர்களுக்கும், பரதநாட்டியத்திற்குரிய கோவில் நகைகள் செய்யும் கைவினைஞர்களுக்கும் வேலை இல்லாமல் போனது. நோயைத் தடுக்க ஊரை அடைப்பது தேவையாக இருக்கலாம். ஆனால், 'வேலைக்குப் போகாதே' என்று சொல்லும் அரசுக்கு, அவன் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்க்கும் கடமையும் உண்டு.

அன்பார்ந்தவர்களே, அந்தக் கடமை எவ்வாறு நிறைவேற்றப்பட்டது என்பதைச் சற்றுச் சிந்திப்போம்.

மார்ச் 26-ஆம் நாள் மத்திய அரசு 1.70 லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. ஏழைகளுக்கு மாதம் தலா 5 கிலோ தானியம் இலவசம். ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மூன்று மாதங்கள் 500 ரூபாய். தமிழக அரசு அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய் வழங்கியது. 2021-இல் இரண்டாம் அலையின்போது ஏறத்தாழ 2.07 கோடி அட்டைகளுக்கு இரு தவணைகளில் 4,000 ரூபாய் கொடுக்கப்பட்டது. இந்த உதவி விரைவாக வீடு வந்து சேர்ந்ததற்குக் காரணம் எளிது. ரேஷன் கடை ஏற்கெனவே தெருவில் இருந்தது. அட்டை ஏற்கெனவே கையில் இருந்தது.

கிராமங்களில் இன்னொரு துணையும் இருந்தது. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்திற்கு 2020 மே மாதம் கூடுதலாக 40,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் சுமார் 5.5 கோடிக் குடும்பங்கள் அந்த வேலைக்குச் சென்றிருந்தன. 2020-21-இல் 7 கோடிக்கும் அதிகமான குடும்பங்கள் சென்றன.

நகரங்களின் நிலை என்ன? 2020 ஏப்ரல் - ஜூன் காலாண்டில் நகர்ப்புற வேலையின்மை 20 விழுக்காட்டைத் தாண்டியதாக மத்திய அரசின் ஆய்வே கூறியது. ஆனால் நூறு நாள் வேலை மாநகராட்சி எல்லையோடு நின்றுவிட்டது. தோவாளை ஊராட்சியில் வாழ்பவர் வேலை கேட்க முடிந்தது. வடசேரியில் வாழ்பவர் கேட்க முடியவில்லை. பசிக்கு ஊராட்சி என்றும் மாநகராட்சி என்றும் வேறுபாடு உண்டா? 2025 டிசம்பரில் பழைய சட்டத்திற்குப் பதிலாக நிறைவேற்றப்பட்ட 125 நாள் வேலைச் சட்டமும் கிராமங்களுக்கு மட்டுமே.

வழி இல்லாமல் இல்லை. 1956 வரை நாஞ்சில் நாடு சேர்ந்திருந்த திருவிதாங்கூர்-கொச்சியின் பெரும்பகுதி இன்று கேரளம். அங்கே அய்யன்காளி நகர்ப்புற வேலை உறுதித் திட்டம் 2010-இலேயே தொடங்கியது. தமிழகத்திலும் 2021-22-இல் 100 கோடி ரூபாயில் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் முன்னோட்டமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் முன்னோட்டம் உரிமை ஆகாது. நிதி தீர்ந்தால் திட்டம் தீரும். சட்டம் இருந்தால் ஏழை கேட்டுப் பெறலாம். பணம் வீணாகும் என்பார்கள். பழையாற்றையும், ஆகாயத்தாமரை மூடிய நம் குளங்களையும் பார்த்தவர்கள், நகரத்தில் செய்ய வேலை இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

நகை செய்யும் கைகளிடம் மண்வெட்டியைக் கொடுப்பது மட்டும் தீர்வல்ல என்பதும் உண்மையே. பிரிட்டன் 2020-இல் தொழிலாளரின் சம்பளத்தில் 80 விழுக்காடு வரை, ஓர் உச்சவரம்புக்குள், தானே ஏற்றது. யாருக்கு என்ன சம்பளம் என்ற பதிவு அங்கே அரசிடம் இருந்தது. நம் தொழிலாளர் நலவாரியங்கள் அத்தகைய பதிவேடாக வளர முடியும். 2020-இல் கட்டுமானத் தொழிலாளர், ஆட்டோ ஓட்டுநர் ஆகியோருக்கு வாரியம் வழியாக 1,000 ரூபாய் கிடைத்தது. பதிவு செய்திருந்தவர்களுக்கு மட்டுமே.

2020 உயிர்ப்புப் பெருவிழாவன்று மக்கள் இயக்கங்களுக்கு எழுதிய மடலில், சட்டப் பாதுகாப்பில்லாத தொழிலாளர்களுக்கு அடிப்படை ஊதியம் பற்றிச் சிந்திக்க வேண்டும் என்றார் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ். நாம் செய்யக்கூடியவை இரண்டு. நகர்ப்புற வேலை உறுதிச் சட்டத்தை, வாக்குக் கேட்டு வருவோரிடம் கேட்போம். நம் அன்பியங்களில் யார் யார் நலவாரியத்தில் பதிவு செய்யவில்லை என்று விசாரித்து, இப்போதே பதிவு செய்ய உதவுவோம். அடுத்த நோய் வந்த பிறகு பட்டியல் எழுத நேரம் இருக்காது.