உழைப்பவனே கட்டணமும் கட்டுவதா?



இவ்வாண்டு நான் வகுப்பறைக்குள் கால் வைத்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆயினும் கல்விக் கட்டணம், நூலகக் கட்டணம், ஆய்வகக் கட்டணம் மூன்றையும் முழுமையாகக் கட்டியிருக்கிறேன். அப்பா சீட்டு எடுத்துத் தந்த பணம் அது. உளவியலில் முதுகலை அறிவியல் பயிலும் எனக்கு இது பயிற்சி ஆண்டு.

பிழைப்புத் தேடித் தென்காசிப் பக்கத்திலிருந்து பாறசாலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. காலையில் அங்கு ரயில் ஏறி, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் கடந்து திருவனந்தபுரத்தில் இறங்குகிறேன். மாலை வரை ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பணி. நோயாளியின் வரலாற்றைக் கேட்டு எழுதுகிறேன், உளச்சோதனைகள் நடத்துகிறேன், அறிக்கை தயாரிக்கிறேன். ஊதியம் ஒரு காசும் இல்லை. பயிற்சி தருவதற்கென்று மருத்துவமனையும் என்னிடமே ஒரு தொகை பெற்றுக்கொண்டது.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பர். நானோ உழுவதோடு, ஏருக்கு வாடகையும் வயலுக்குக் குத்தகையும் சேர்த்துக் கட்டுகிறேன்!

"நீ கற்றுக்கொள்ளத்தானே போகிறாய்?" என்று கேட்போர் உண்டு. உண்மைதான். என் பிழைகளைத் திருத்தும் மூத்தவர்களின் நேரத்துக்கும் விலை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மருத்துவம் படித்தவர் 12 மாதம் பயிற்சி மருத்துவராக இருப்பதும் கற்றுக்கொள்ளத்தானே? அவருக்கு உதவித்தொகை உண்டு என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. தொழிற்சாலையில் பழகுபவருக்கு உதவித்தொகை தர 1961-லேயே தொழில் பழகுநர் சட்டம் வந்தது. 1973-இல் பொறியியல் பட்டதாரிகளும் அதில் சேர்க்கப்பட்டனர். உடலைப் பார்க்கப் பழகுபவருக்கும் எந்திரத்தைப் பார்க்கப் பழகுபவருக்கும் உள்ள நீதி, மனத்தைப் பார்க்கப் பழகுபவருக்கு மட்டும் ஏன் இல்லை? ஆஸ்திரேலிய அரசு 2025 சூலை முதல் ஆசிரியர், செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர், சமூகப் பணியாளர் ஆகிய படிப்புகளின் பயிற்சிக் காலத்துக்கு உதவித்தொகை தருகிறது. அப்பட்டியலிலும் உளவியலுக்கு இடமில்லை!

இது என் ஒருவன் பையைப் பற்றிய வழக்கு அன்று. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. பாறசாலை உள்ளிட்ட நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. நிலத்தில் கோடு விழுந்தது, நாவில் விழவில்லை. எல்லைச் சிற்றூரிலிருந்து வந்த பாட்டி ஒருவரிடம் மருத்துவர் மலையாளத்தில் கேட்டார். சந்தைக்குப் போதுமான மலையாளம் பாட்டிக்குத் தெரியும். ஒற்றைச் சொல்லில் விடை சொன்னார். நான் தமிழில், "என்ன பாட்டி, உறக்கம் வருதா?" என்றேன். "இல்ல மக்களே" என்று தொடங்கியவர் அரை மணி நேரம் பேசினார். நோயாளிக்குப் புரியும் மொழியில் செய்தி சொல்லப்பட வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். அந்த மொழி தெரிந்தவர் மருத்துவமனையில் இருந்தால்தானே அது நடக்கும்?

என்னோடு பயின்ற தோழி ஒருத்தி, பாலராமபுரத்து நெசவாளர் வீட்டுப் பெண். என்னைவிட நன்றாகப் பயின்றவள். இரண்டு கட்டணங்களையும் கட்ட வழியின்றிப் பயிற்சியை நிறுத்திவிட்டுத் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். காசு உள்ளவர் மட்டுமே உளவியலாளர் ஆக முடியுமானால், நெசவாளர் வீட்டுத் துயரை அவர் மொழியில் கேட்க யார் வருவார்?

நாம் கேட்பது மூன்று. பயிற்சி ஆண்டில் பதிவுக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும், வழிகாட்டும் மூத்தவர்களுக்குரிய நியாயமான பங்கும் தவிர வேறு வசூல் வேண்டாம். மருத்துவமனை தனியே பணம் கேட்கக் கூடாது. வழிச்செலவுக்கும் பகலுணவுக்குமாவது ஓர் உதவித்தொகை வேண்டும்.

பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்தும் நம் தமிழ் மன்றம், இந்த விண்ணப்பத்தையும் எழுதட்டும். மலையாளத் தோழர்களும் கையொப்பமிடுவர். அவர்கள் வீட்டுச் சுமையும் இதுதான். என் பயிற்சி இவ்வாண்டோடு முடிகிறது. கட்டிய பணம் எனக்குத் திரும்பப் போவதில்லை. அடுத்த ஆண்டு பாறசாலையில் ரயில் ஏறப்போகும் தம்பி தங்கையருக்காகக் கேட்கிறேன். கையொப்பமிட வருவீர்களா?