ஈவ்லின் பிராண்டின் மலை
அரியூர் நாடு, வாழவந்தி நாடு என்று நாடுகளாகப் பிரிந்த கொல்லிமலையில் கிறிஸ்தவ விசுவாசம் என்று பேச்செடுத்தால் மிஷனரிகளான பிராண்ட் தம்பதியர் வராமல் இருக்க மாட்டார்கள். கணவர் ஜெஸ்ஸி 1929-இல் கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். மலேரியா முற்றினால் வருவது அது. மனைவி ஈவ்லின் ஊழியத்தை விடவில்லை. கர்த்தர்மேல் பாரத்தை வைப்பதைக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை. மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும், எழுபதை நெருங்கும் வயதில், சொந்தப் பொறுப்பில் மலையேறினார். எலும்பு முறிந்தும் மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போனார். முதுமையில் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லையாம். அவருடைய மனநிம்மதிக்குப் பிரசங்கங்களைவிட இதுவே நல்ல சாட்சி. 1974-இல், 95 வயதில் காலமானார். அந்த மலையில் வளர்ந்த மகன் பால் பிராண்ட் வேலூரில் தொழுநோயாளர்களின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியது தனிக்கதை.