கூகுள் முதல் பக்கத்துக்கு மாசச் சந்தா கட்டணுமா?

"உங்க வெப்சைட்டை முப்பதே நாள்ல கூகுள் முதல் பக்கத்துக்குக் கொண்டு வர்றோம். ஐம்பது கீவேர்டு, ஐநூறு பேக்லிங்க், மாசம் எட்டாயிரம் ரூபாய்."

புனேயில சின்னதா தொழில் வச்சிருக்கிற நம்ம ஆளுங்க வாட்ஸ்அப்பைத் திறந்தா இப்படி ஒண்ணாவது கிடக்குது. இட்லி மாவு அரைச்சு விக்கிற அக்கா, வாகட்ல பரதநாட்டியம் சொல்லித்தர்ற டீச்சர், வேலையை விட்டுட்டு கேட்டரிங் ஆரம்பிச்ச நண்பர்னு மூணு பேர் போன மாசம் என்கிட்ட ஒரே கேள்வியைக் கேட்டுட்டாங்க. "கட்டலாமா?"

கட்டாதீங்க. இதுதான் என் பதில். நான் பொட்டி தட்டிச் சோறு சாப்பிடுறதே இந்தத் தேடல் துறையிலதான். அதனால சொந்தத் தொழில் மேலேயே மண்ணைப் போடுறேன்னு யாராவது வரலாம். வரட்டும். ஆனா மாசம் எட்டாயிரம்னா வருஷத்துக்கு 96,000 ரூபாய். வாடகை வீட்டுல இருந்துக்கிட்டு, கிரைண்டருக்கு இஎம்ஐ கட்டிக்கிட்டு இருக்கிற ஒரு குடும்பத்துக்கு அது ஒரு பிள்ளையோட ஸ்கூல் பீஸ். காரணத்தைச் சொல்லாம விட மனசு வரலை.

முதல்ல லிங்க்னா என்னன்னு பார்த்துருவோம்.

பெட்டியோட இந்த ஊருக்கு வந்து இறங்கினப்போ நமக்கு ரூம் எப்படிக் கிடைச்சது? மெஸ், டாக்டர், கிரகப்பிரவேசத்துக்கு வாத்தியார் எல்லாம் எப்படிக் கிடைச்சாங்க? ஏற்கெனவே இங்க இருந்த ஒருத்தர் சொன்னார், நாம போனோம். அதுலயும் யார் சொன்னாங்கங்கிறதைப் பார்த்துத்தான் போனோம். இருபது வருஷமா இங்க இருக்கிறவர் சொன்னா ஒரு மதிப்பு, நேத்து வந்தவர் சொன்னா வேற மதிப்பு.

ஸ்டான்ஃபோர்டுல படிச்சுக்கிட்டு இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998ல வெளியிட்ட பேஜ்ரேங்க் யோசனையும் கிட்டத்தட்ட இதேதான். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு லிங்க் கொடுத்தா அது ஒரு சிபாரிசு. நல்ல சிபாரிசு நிறைய வாங்கின பக்கத்தோட சிபாரிசுக்கு எடை அதிகம்.

சிபாரிசுக்கு மதிப்புன்னா, கள்ளச் சிபாரிசும் கூடவே வந்துடுமே! வலைப்பதிவுகளோட பின்னூட்டப் பெட்டிகள்ல மருந்து விளம்பரமும் சூதாட்ட லிங்க்கும் கொட்டினது பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தத் தொல்லையாலதான் 2005 ஜனவரியில 'நோஃபாலோ'ன்னு ஒரு குறிப்பு வந்தது. இந்த லிங்க்கை சிபாரிசாக் கணக்குல எடுக்காதேன்னு அர்த்தம். 2012 ஏப்ரல்ல பென்குவின்னு ஒரு மாற்றம் வந்து, போலி லிங்க் வச்சிருந்த தளங்களைக் கீழே தள்ளுச்சு. 2016 செப்டம்பர்ல இருந்து பென்குவின் அந்த மாதிரி லிங்க்கைப் பெரும்பாலும் மதிப்பில்லாம ஆக்கிட்டுப் போயிடுது. 2022 டிசம்பர்ல ஸ்பாம்பிரெயின்ங்கிற தானியங்கி முறையையும் இதே வேலையில இறக்கி விட்டாங்க.

அதாவது நீங்க காசு கொடுத்து வாங்குற ஐநூறு லிங்க்ல பெரும்பாலானது எங்கேயும் எண்ணப்படாம போக வாய்ப்பு அதிகம். உங்களுக்கு வர்ற எக்செல் ஷீட்ல மட்டும் ஐநூறுன்னு இருக்கும்.

"இல்லைங்க, எதிர்க்கடைக்காரன் வாங்கினான், மேலே வந்துட்டானே?" நியாயமான கேள்வி. சில சமயம் கொஞ்ச நாளைக்கு வேலை செய்யும், பொய் சொல்லலை. ஜேசி பென்னின்னு அமெரிக்காவுல ஒரு பெரிய கடை. 2010 கடைசியில பண்டிகை விற்பனை நடந்த மாசங்கள்ல, உடை, படுக்கை விரிப்புன்னு எதைத் தேடினாலும் கூகுள்ல அவங்கதான் முன்னாடி நின்னாங்க. சம்பந்தமே இல்லாத தளங்கள்ல ஆயிரக்கணக்கான லிங்க்கைக் காசு கொடுத்து நட்டு வச்சிருந்ததை 2011 பிப்ரவரியில நியூயார்க் டைம்ஸ் வெளியே கொண்டு வந்துச்சு. கூகுள் நடவடிக்கை எடுத்ததும் பல தேடல்கள்ல அவங்க பின்னாடி எங்கேயோ போயிட்டாங்க. எங்களுக்கு இது தெரியாதுன்னு சொல்லி, தேடல் வேலை பார்த்த ஏஜென்சியை கம்பெனி வெளியே அனுப்பிடுச்சு.

இங்க கவனிக்க வேண்டியது, ஏஜென்சி செஞ்சதுக்கு அடி வாங்கினது கடையோட தளம். அவங்க பெரிய கடை, எழுந்து நின்னுட்டாங்க. மாவு விக்கிற அக்காவோட தளம் விழுந்தா தூக்கி விட யார் இருக்கா? முதலிடத்துக்கு யாராலயும் உத்தரவாதம் தர முடியாதுன்னு கூகுளே தன்னோட வழிகாட்டியில எழுதி வச்சிருக்கு. அதுக்கு அப்புறமும் உத்தரவாதம் தர்றவரை என்னன்னு சொல்றது?

சரி, அடுத்தது கீவேர்டு. வாடிக்கையாளர் தேடல் பெட்டியில என்ன வார்த்தையைத் தட்டுறார்னு கண்டுபிடிக்கிறதுதான் இந்த ஆராய்ச்சி. இதுக்கு வெளியாளைவிட நீங்கதான் பொருத்தமான ஆளு.

நமக்கு அது 'மாவு'. பக்கத்து பிளாட் மராட்டி அம்மாவுக்கு அது 'இட்லி பீட்'. ஹிஞ்சவடியில வேலை பார்க்கிற பையனுக்கு 'தோசை பேட்டர்'. பொருள் ஒண்ணு, தேடுற வார்த்தை மூணு. நவராத்திரிக்கு பொம்மை விக்கிறீங்களா? கொலுங்கிறதை இங்கிலீஷ் எழுத்துல சிலர் 'ஜி' போட்டு ஆரம்பிப்பாங்க, சிலர் 'கே' போட்டு. உங்க பக்கத்துல ரெண்டும் இயல்பா வந்தா நல்லது. வாத்தியார்னு தேடுறவர் உண்டு, சாஸ்திரிகள்னு தேடுறவர் உண்டு, தமிழ் பண்டிட்னு தேடுறவரும் உண்டு. இதெல்லாம் எட்டாயிரம் ரூபாய் பேக்கேஜ்காரருக்குத் தெரியுமா? அவர் உங்களுக்கும் ஜிம் நடத்துறவருக்கும் ஒரே அச்சுல பட்டியல் அனுப்புவார். அதைக் கொண்டு போய் 'மெட்டா கீவேர்டு'ல ஒட்டுவார். வலைத்தேடல் வரிசைக்கு அதைப் பார்க்கிறதே இல்லைன்னு கூகுள் 2009 செப்டம்பர்லயே சொல்லியாச்சு.

நீங்களே செய்ய ஒரு வழி சொல்றேன்:

1. ரெண்டு வாரத்துக்கு போன்லயும் வாட்ஸ்அப்லயும் வர்ற முதல் கேள்வியை அப்படியே ஒரு நோட்டுல எழுதுங்க. "நாளைக்கு காலைல டெலிவரி உண்டா?", "சோடா உப்பு போடுவீங்களா?" அவங்க வார்த்தையிலயே எழுதணும்.

2. அதையே கூகுள்ல தட்டிப் பாருங்க. பாதி தட்டும்போதே கீழே விரியுற பட்டியல், மத்தவங்க என்ன தேடுறாங்கன்னு காட்டும்.

3. தளம் இருந்தா சர்ச் கன்சோல்ல சேருங்க. எந்த வார்த்தைக்கு உங்க பக்கம் வந்து நின்னதுன்னு அதுல தெரியும். காசு கிடையாது.

4. அந்தக் கேள்விகளுக்கு உங்க பக்கத்துல நேரடியா பதில் எழுதுங்க. எந்த ஏரியா, என்ன விலை, எத்தனை மணிக்குன்னு தெளிவா இருக்கணும்.

5. தளமே இல்லைன்னாலும் கூகுள் பிசினஸ் புரொஃபைலை முழுசா நிரப்புங்க. அதுவும் இலவசம். உள்ளூர்த் தேடல்ல பொருத்தம், தூரம், பிரபலம் இந்த மூணையும்தான் முக்கியமாப் பார்க்குறாங்க. பிம்பளே சௌதாகர்ல இருக்கிற கடையை கட்கியில இருக்கிறவருக்கு முதல்ல காட்ட எந்த பேக்லிங்க்காலயும் தூரத்தைச் சுருக்க முடியாது.

அப்போ லிங்க்கே வேண்டாமா? வேணும். சம்பாதிக்கிற லிங்க் வேணும். நாட்டிய டீச்சரோட மாணவிகள் ஆடின விழாவைப் பத்தி சங்கத்துத் தளத்துல எழுதினா, அது உண்மையான சிபாரிசு. மாவுக் கடை அக்கா, இந்த ஊர்க் குளிர்ல மாவு ஏன் சீக்கிரம் புளிக்க மாட்டேங்குதுன்னு ஒரு பக்கம் எழுதினா, வேற மாநிலத்துல இருந்து வந்தவங்களும் அதை எடுத்துக் காட்டுவாங்க. விழாவுக்கு நன்கொடை கொடுத்து அதுக்குப் பதிலா லிங்க் வந்தா, 2019ல வந்த 'ஸ்பான்சர்ட்' குறிப்பை அதுல போடச் சொல்லுங்க. கூகுள் எண்ணாட்டிப் பரவாயில்லை, அதைப் படிச்சுட்டு வர்ற ஆளு நிஜ ஆளு.

சங்கம், அசோசியேஷன் தளங்களைப் பார்த்துக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. "உங்க பக்கத்துல ஒரு லிங்க் போட்டா காசு தர்றோம்"னு மெயில் வரும். வேண்டாம்னு சொல்லுங்க. வாங்குறது மட்டுமில்ல, விக்கிறதும் கூகுள் விதிப்படி தப்புதான். நம்ம பேரை நம்பி ஒரு குடும்பம் எங்கேயோ போய் ஏமாந்தா, அந்தக் காசு சங்கத்துக்கு எதுக்கு?

"இனிமே எல்லாம் ஏஐ தானே?"ங்கிறீங்களா. 2024 ஆகஸ்ட்ல ஏஐ சுருக்கம் இந்தியாவுக்கும் வந்துடுச்சு, உண்மை. ஆனா அந்தச் சுருக்கமும் யாரோ எழுதி வச்ச பக்கத்துல இருந்துதான் எடுக்குது. தெளிவா பதில் எழுதி வச்சவங்களுக்கு அங்கேயும் இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு.

காசு வாங்கிட்டு நேர்மையா வேலை செய்யுற ஆளுங்களும் என் துறையில இருக்காங்க. அவங்க தளத்தோட வேகத்தைச் சரி பண்ணுவாங்க, பக்கங்களை ஒழுங்குபடுத்துவாங்க, என்ன செஞ்சாங்கன்னு காட்டுவாங்க, எத்தனையாவது இடம்னு சத்தியம் மட்டும் பண்ண மாட்டாங்க. அப்படி ஒருத்தர் கிடைச்சா தாராளமா கொடுங்க. லிங்க் எண்ணிக்கை சொல்லிப் பேரம் பேசுறவர்கிட்ட மட்டும், அந்த ஐநூறு தளத்துல பத்தோட பேரை முன்னாடியே காட்டச் சொல்லுங்க. பெரும்பாலும் பேச்சு அதோட முடிஞ்சுடும் :-)

டிஸ்கி: எட்டாயிரம் கட்டிட்டு இருக்கிறவங்க இந்த மாச ரிப்போர்ட்டை எடுத்து, புதுசா எத்தனை போன் வந்ததுன்னு மட்டும் பாருங்க. பின்னூட்டத்துல சொல்லுங்க, பேசுவோம்.